தாய்ப்பலகை காக்கும் உடன்படிக்கை

கிழக்கே சென்னைக்கும் மேற்கே பெங்களூருக்கும் இடையே அமைந்த சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. பிள்ளைகளின் கல்விக்கும் விளையாட்டுக்கும் ஒருங்கே உதவும் கணிப்பொறி ஒன்றை உதிரிப் பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொள்ள விரும்புவோர், சென்னை ரிச்சி தெருவையோ பெங்களூர் எஸ்.பி. சாலையையோ நாடிச் செல்வதுண்டு. செயலி எது, வரைகலை அட்டை எது என்று அங்கே நெடுநேரம் ஆராய்கின்றனர். இவையனைத்தையும் தாங்கும் தாய்ப்பலகையை, அதாவது மதர்போர்டை, எஞ்சிய பணத்துக்கு ஏற்றதாக இறுதியில் எடுத்துக்கொள்வோர் பலர். இம்முறை நன்றன்று என்பதை அப்பலகையின் வரலாறே உணர்த்துகிறது.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிமனிதக் கணிப்பொறியை வெளியிட்டது. இன்டெல் 8088 செயலியும் நினைவகமும் ஒரே பலகையில் அமைந்திருந்தன. வேண்டிய அட்டைகளைப் பின்னர் சேர்த்துக்கொள்ள 5 செருகுவாய்கள் இருந்தன. பலகையின் சுற்று வரைபடங்களையும் அந்நிறுவனம் நூலாக அச்சிட்டு வெளியிட்டது. அதனால் பிறரும் அதற்குப் பொருந்தும் அட்டைகளைச் செய்தனர்; விரைவில் அதைப் போன்ற கணிப்பொறிகளையே செய்யத் தொடங்கினர். தைவான் தீவில் 1986-இல் கிகாபைட், எம்.எஸ்.ஐ. ஆகியவையும், 1989-இல் ஆசுஸும் தோன்றிப் பலகைத் தொழிலில் தலைசிறந்து விளங்கின.

கைநழுவிய சந்தையை மீட்க ஐ.பி.எம். 1987-இல் மைக்ரோ சேனல் என்னும் புதிய செருகுவாயைக் கொணர்ந்தது. பழைய அட்டைகள் அதில் பொருந்தா. அதைப் பின்பற்ற விரும்பிய பிற நிறுவனங்கள் உரிமைக் கட்டணம் செலுத்த வேண்டும். மறு ஆண்டே போட்டியாளர் ஒன்பதின்மர் கூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் வேறொரு முறையை அறிவித்தனர். மைக்ரோ சேனல் நிலைபெறவில்லை. பலர் ஒப்பிய ஏற்பாடே நீடிக்கும் என்பது அன்று வணிக உலகம் கற்ற பாடமாகும்.

1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு இதற்குச் சிறந்த சான்று. 305 மில்லிமீட்டர் நீளம், 244 மில்லிமீட்டர் அகலம், திருகாணித் துளைகளின் இடம் ஆகியவற்றை அது வரையறுத்தது. 1997-இல் 244 மில்லிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். வந்தது. முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் பெட்டிகள் அந்த அளவுக்கே செய்யப்படுகின்றன. ஒரே வரைகலை அட்டை பூட்டும் நடுத்தரக் கணிப்பொறிக்குச் சிறிய பலகையே போதும். 2003-இல் வகுக்கப்பட்ட பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாயும் இத்தகையதே; புதிய அட்டை பழைய வாயிலும் இயங்கும், வேகம் மட்டும் ஓரளவு குறையலாம்.

கடைக்காரர் சாக்கெட் என்று கூறும் செயலிப் பொருத்துவாயின் வரலாறோ வேறு வகையானது. இன்டெல் 2015-இல் எல்.ஜி.ஏ. 1151 என்னும் வாயை வெளியிட்டது. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகளுக்கும் அதே பெயருள்ள வாய்தான். எனினும் அவற்றைப் பழைய பலகைகள் ஏற்கவில்லை. பெயரை நம்பியிருந்தவர்கள் புதுப்பலகையும் வாங்க நேர்ந்தது. அதே 2017-இல் ஏ.எம்.டி.யின் ரைசன் செயலிகள் ஏ.எம்.4 வாயுடன் வந்தன. 2022-இல் வெளியான 5800எக்ஸ்3டி என்ற செயலி, பலகையைச் செய்தவர் உரிய மென்பொருளைப் புதுப்பித்து அளித்திருந்தால், ஐந்தாண்டுப் பழைய பலகையிலும் இயங்கிற்று. பலகை, நினைவகம் இரண்டையும் மாற்றாமலே விளையாட்டின் வேகத்தை உயர்த்திக்கொள்ள முடிந்தது.

ஆகவே இன்று வாங்குவோர் முதலில் வினவ வேண்டியது, இந்த வாய்க்கு இன்னும் எத்தனை ஆண்டு செயலிகள் வரும் என்பதே. 2022-இல் வந்த ஏ.எம்.5 வாயை 2027 வரையிலும் அதற்கப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. அறிவித்துள்ளது. 2021-இல் வந்த இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 வாய்க்குப் பின் 2024-இல் 1851 வந்துவிட்டது. ஏ.எம்.5 பலகை டி.டி.ஆர். 5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும், பழைய டி.டி.ஆர். 4 துண்டுகள் அதில் நுழையா. அவ்வகையிலேயே ஏ620 பலகையில் செயலியின் வேகத்தை நாமாக உயர்த்த இயலாது; பி650 அதற்கு இடம் தரும்; எக்ஸ்670 மேலும் பல இணைப்புகளுக்காக விலை கூடியது. நடுத்தரக் குடும்பத்துக்கு நடுவிலுள்ளது பொருந்தும்.

இரண்டாவது வினா மின்சாரத்தைப் பற்றியது. 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் உலகெங்கும் பல பலகைகளில் தரங்குறைந்த மின்தேக்கிகள் வீங்கி வெடித்தன. நல்ல செயலிகளும் அதனால் பயனற்று நின்றன. பலகைக்கு 12 வோல்ட்டில் வரும் மின்சாரம், செயலிக்கு ஏறத்தாழ 1.2 வோல்ட்டாகக் குறைக்கப்படுகிறது. 120 வாட் செயலியாயின் 100 ஆம்பியர் அங்கே பாய வேண்டும். கோடையில் 40 பாகைக்கு மேல் வெயில் காயும் திருப்பதியில், அம்மின் பகுதியின் மீது வெப்பத்தை வெளியேற்றும் உலோகக் கவசம் இருக்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது. வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பது மேல்.

இவ்வட்டாரத்துக்கு இத்தொழில் அயலானதுமன்று. அந்நாளில் சித்தூர் மாவட்டத்திலிருந்த சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியில், 2015-இல் பாக்ஸ்கான் நிறுவனம் ஷாவ்மி கைப்பேசிகளைப் பூட்டத் தொடங்கியது. 2022-இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது ஸ்ரீசிட்டி அதனுடன் சேர்ந்தது. பாகங்கள் பொருத்திய சுற்றுப்பலகைகளின் இறக்குமதிக்கு 2018 ஏப்ரலில் மைய அரசு 10 சதவீதச் சுங்கம் விதித்தது. அதே மாதத்தில், கைப்பேசிப் பலகைகளைத் திருப்பெரும்புதூரிலேயே செய்யும் ஏற்பாட்டை ஷாவ்மி அறிவித்தது. பூட்டும் தொழில் முதலில் வந்தது. பலகை பின்னரே வந்தது.

கைப்பேசியின் பலகையில் எல்லாம் பற்றவைக்கப்பட்டவை. வாங்குபவர் அதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. மேசைக் கணிப்பொறியின் பலகையில்தான் அவருக்கு இன்னும் உரிமை எஞ்சியிருக்கிறது. செயலியும் அட்டையும் சில ஆண்டுகளில் பழையனவாகும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ள வழிவிடும் பலகையை முதலில் தேர்ந்து, மற்றவற்றைப் பின்னர் தேர்ந்தால், உழைத்துச் சேர்த்த பணம் ஒரே கணிப்பொறியை இருமுறை வாங்குவதில் கரையாது.