தாருல் அத்ல்: செல்வந்தரையும் அழைத்த நீதி இல்லம்

 

சட்டம் ஏட்டில் இருப்பது வேறு. அச்சட்டத்தின் வாசலுக்கு ஏழை ஒருவன் அச்சமின்றி வந்து சேர்வது வேறு. வழக்கு மன்றம் திறந்திருந்தும், பெருஞ்செல்வர் மீது முறையிட அஞ்சி மக்கள் வாய்மூடி நின்ற காலங்கள் எல்லாச் சமுதாயங்களிலும் உண்டு. அத்தகையதொரு காலத்தில் டமாஸ்கஸ் நகரில் எடுக்கப்பட்ட ஒரு முடிவை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

ஹிஜ்ரி 549இல் (கி.பி. 1154) சுல்தான் நூருத்தீன் மஹ்மூத் ஸன்கீ (ரஹ்) டமாஸ்கஸைத் தம் ஆட்சியின் கீழ்க் கொணர்ந்தார். அவருடன் போர்க்களம் கண்ட அமீர்கள் அந்நகரில் குடியேறி, கிராமங்களையும் தோட்டங்களையும் பெருக்கிக் கொண்டனர். நிலம் பெருகப் பெருக, அண்டை நிலத்தாரின் உரிமையில் கை வைப்பதும் நிகழ்ந்தது. முறையீடுகள் காழி கமாலுத்தீன் ஷஹ்ரஸூரி அவர்களிடம் குவிந்தன. மற்ற அமீர்கள் விஷயத்தில் அவர் தயங்காது தீர்ப்பளித்தார். ஆனால் அஸதுத்தீன் ஷிர்குஹ் விஷயத்தில் மட்டும் அவரால் துணிய இயலவில்லை.

ஷிர்குஹ் யார்? சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் சிறிய தந்தையார், அமீர்களிலெல்லாம் தலையானவர், பெரும் படையும் பெருஞ்செல்வமும் உடையவர். காழியின் கல்வியில் இங்கே குறையில்லை. தீர்ப்பை நிறைவேற்றும் வாள் எவர் கையில் இருக்கிறதோ, அவரையே எதிர்வாதியாக அழைப்பது எங்ஙனம் என்பதே சிக்கல்.

காழி இதனைச் சுல்தானின் செவிக்குக் கொண்டு சென்றார். சுல்தான், ‘தாருல் அத்ல்’ எனும் நீதி இல்லம் ஒன்றைக் கட்ட ஆணையிட்டார். இது 1163ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் சுல்தானே அங்கு அமர்வார். காழியும் ஃபிக்ஹு அறிஞர்களும் உடனிருப்பர். எளியவரும் நேரில் வந்து முறையிடலாம் என்பது ஏற்பாடு.

செய்தி கேட்டதும் ஷிர்குஹ் தம் காரியஸ்தர்களை அழைத்தார். இவ்வில்லம் தம் ஒருவருக்காகவே கட்டப்படுகிறது என அவர் உணர்ந்துகொண்டார். வழக்குடைய ஒவ்வொருவரையும் தேடிச் சென்று, தம் உடைமை அனைத்தும் போனாலும் சரி, அவர்களை மனநிறைவு கொள்ளச் செய்யுமாறு பணித்தார். எவர் பொருட்டேனும் தாம் அங்கு அழைக்கப்பட்டால் அவரைக் கழுவேற்றுவதாகவும் எச்சரித்தார். மக்கள் இதையறிந்தால் அளவுக்கு மிஞ்சிக் கேட்பார்களே என அவர்கள் தயங்கினர். நூருத்தீன் தம்மை அநியாயக்காரராகக் காண்பதைவிட, ஒரு சாமானியனுக்குச் சமமாகத் தம்மை நிறுத்துவதைவிட, பொருளை இழப்பது தமக்கு எளிது என அவர் விடையளித்தார்.

இல்லம் திறக்கப்பட்டது. நாள்கள் கடந்தும் ஷிர்குஹ் மீது ஒரு முறையீடும் வரவில்லை. காரணத்தைக் காழி விளக்கியபோது, சுல்தான் சுஜூதில் வீழ்ந்து அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினார் என வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் (ரஹ்) பதிவு செய்கின்றார்.

சுல்தான் இந்த அளவுகோலைத் தமக்கும் பொருத்தினார். குதிரைப் பந்தாட்டத்தில் இருந்த அவர் மீது ஒருவர் சொத்து வழக்குக் கூற, ஆட்டக்கோலை எறிந்துவிட்டுக் காழியிடம் சென்றார். ஏனைய வழக்காளிகளைப் போன்றே தம்மையும் நடத்துமாறு முன்னதாகவே சொல்லியனுப்பினார். வழக்கு நிரூபணமாகவில்லை. ஆயினும் அச்சொத்தை அம்மனிதருக்கே வழங்கினார். துணைவியார் செலவுக்குக் கூடுதலாகக் கேட்டபோது, ஹிம்ஸ் நகரில் ஆண்டுக்கு 20 தீனார் வாடகை வரும் தம் மூன்று கடைகளையே அவரால் கொடுக்க முடிந்தது. பைத்துல்மாலைத் தம் உடைமையாக அவர் கருதவில்லை.

இப்னுல் அஸீரின் குடும்பம் ஸன்கீ ஆட்சியாளரிடம் பணிபுரிந்தது. எனவே அவரது புகழுரையைச் சற்று நிதானித்தே வாசிக்க வேண்டும். எனினும் அந்த ஏற்பாடு, 1174இல் சுல்தான் மறைந்த பின்னும் வாழ்ந்தது. ஹலபிலும் கெய்ரோவிலும் இதே பெயரில் நீதி இல்லங்கள் எழுந்தன. ஒன்றையும் நாம் மறத்தலாகாது: அமர்பவர் நேர்மையாளராக இருக்கும் வரையில்தான் அத்தகைய இல்லத்திற்கு மதிப்பு.

அன்பர்களே! பாகப்பிரிவினை, வீட்டு எல்லை, கொடுக்கல் வாங்கல் என நம் ஜமாஅத்தின் முன்னும் வழக்குகள் வருகின்றன. ஒரு தரப்பார் பள்ளிக்கு வாரி வழங்கியவராகவும், மறு தரப்பார் சந்தாவே செலுத்த இயலாத விதவையாகவும் இருக்கக்கூடும். ஒருவருக்கு நாற்காலியும் மற்றவருக்கு வாசற்படியும் என்றாகிவிட்டால், தீர்ப்பு வாசிக்கப்படும் முன்பே அநீதி நடந்துவிட்டது. செல்வந்தரோ ஏழையோ, நீதியில் நிலைத்திருங்கள் எனும் கருத்தை ஸூரத்துன் னிஸாவின் 135ஆம் வசனம் நமக்குக் கட்டளையாக்கியுள்ளது. நன்கொடைக்கு நன்றி கூறுவோம். அதனை விசாரணைப் பாயில் எடை போடாதிருப்போம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நீதியின் மீது நிலைபெறச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.