வண்டிக்கும் பாஸ்போர்ட்

எங்கள் நாமகிரிப்பேட்டையில் ஒரு காலத்தில் புல்லட் சத்தம் கேட்டால் போலீஸ்காரரோ பண்ணைக்காரரோ வருகிறார் என்று திரும்பிப் பார்ப்போம். இப்போது பேரன்கள் அதில் வெளிநாடு போகப் பேசுகிறார்கள்.

சென்னையை அடுத்த திருவொற்றியூரில் பிறந்த புல்லட் 1977-லேயே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. அதே காலத்தில் டெட் சைமன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் டிரையம்ப் வண்டியில் நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். இந்தியா வழியாகவும் போனார். வண்டி நம்மிடமும் இருந்தது. ஆனால் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் 'கார்னெட்'டும் நம்மவர்க்குத் தடையாக நின்றன.

கார்னெட் என்பது வண்டிக்கான பாஸ்போர்ட். அதைக் கேட்கும் நாடுகளில் நுழையும்போதும் வெளியேறும்போதும் சுங்க முத்திரை வேண்டும். வெளியேறிய முத்திரை இல்லையென்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். அதற்காக முன்கூட்டியே பெரிய தொகையை ஈடாகக் கட்ட வேண்டும்.

அதையெல்லாம் தாண்டி, விசாகப்பட்டினத்து பரத்வாஜ் தயாளா 2006-ல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவில் தனியாளாகக் கிளம்பி உலகைச் சுற்றி வந்தார்.

நேபாளத்துக்குக் கார்னெட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். எல்லையில் வண்டிக்கு நாள் கணக்கில் கட்டணம் கட்டினால் போதும். பேரன் கேட்டால் தடுக்காதீர்கள். முதலில் காத்மாண்டு போய் வரச் சொல்லுங்கள்.