‘டாக்டர் சொன்னாரு, செஞ்சேன்’னு ஒரு நர்ஸ் சொன்னா, சட்டம் ஏத்துக்குமா?

நைட் டூட்டி நேரம். போனில் டாக்டர், “சிஸ்டர், அந்த பேஷன்ட்டுக்கு பொட்டாசியம் குளோரைடு ஒரு ஆம்பூல் ஐ.வி-ல போட்டுடுங்க” என்கிறார். ‘டைல்யூட் பண்ணி, மெதுவா’ என்ற வார்த்தைகள் அவசரத்தில் விட்டுப்போய்விட்டன. கலக்காமல் நேரடியாக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய மருந்து அது. இங்கே நர்ஸ் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம்னு இல்ல, கேட்டே ஆகணும்.

ஆனா, இந்தப் பதில் ரொம்பப் பழசு இல்லை. உலக நர்ஸ்கள் கூட்டமைப்பு 1953-ல் வெளியிட்ட முதல் நெறிமுறையில், டாக்டரின் உத்தரவை விசுவாசமாக நிறைவேற்றுவது நர்ஸின் கடமை என்றுதான் இருந்தது. 1973-ல் அதைத் திருத்தினார்கள். நர்ஸின் முதல் பொறுப்பு, கவனிப்பு தேவைப்படும் மனிதரிடம்தான் என்று மாறியது. விசுவாசம் டாக்டரிடமிருந்து நோயாளிக்கு இடம் மாறிய ஆண்டு அது.

‘தியரி பேப்பர்லாம் எதுக்கு, ஊசி போடக் கத்துக்கிட்டா போதாதா?’ என்று நர்ஸிங் மாணவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அந்த பேப்பரில் வரும் வர்ஜீனியா ஹெண்டர்சனைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். உடலில் தெம்பும், மனதில் உறுதியும், தேவையான அறிவும் இருந்தால் நோயாளி தனக்குத் தானே என்ன செய்துகொள்வாரோ, அதை அவருக்காகச் செய்வதே நர்ஸிங் என்பது அவர் கருத்து. மூச்சு, சாப்பாடு, தூக்கத்தில் தொடங்கி வழிபாடு வரை 14 தேவைகளையும் பட்டியலிட்டார். இப்போ அந்த போன் காலுக்கு வாங்க. படுத்திருப்பவருக்கு விஷயம் தெரிந்தால் அவரே, “எவ்வளவு கலக்கணும் டாக்டர்?” என்று கேட்டிருப்பார். அவருக்குத் தெரியாது. அதனால் சிஸ்டர் கேட்கிறார்.

சரி, சட்டம்? நம்ம ஊரில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் முறை 1926-ன் மெட்ராஸ் நர்ஸ்கள், தாதியர் சட்டத்திலிருந்தே இருக்கிறது. பதிவு எண் வாங்கியவர், தன் வேலைக்குத் தானே பொறுப்பு. அலட்சியத்தால் ஒருவர் இறந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-வது பிரிவு வரும். அதில் அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. பதிவு பெற்ற டாக்டர், சிகிச்சையின்போது செய்த தவறு என்றால் 2 ஆண்டு. அந்தச் சலுகைக்கான விளக்கத்தில் மருத்துவப் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டுமே வருகிறார்கள். எழுத்தின்படி பார்த்தால், நர்ஸ் அதில் இல்லை! ஒரே கட்டில், ஒரே நோயாளி, ரெண்டு அளவுகோல். இது நியாயமா என்று நர்ஸிங் படிக்கிறவர்கள் கேட்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில், 2017-ல் பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாக தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தை ஒரு நர்ஸ் கொடுத்துவிட, நோயாளி இறந்துபோனார். மருந்து எடுக்கும் கணினி அலமாரியில் பெயரின் முதல் ரெண்டு எழுத்தைத் தட்டியதில் தொடங்கிய குழப்பம். தவறை அவர் மறைக்கவில்லை. ஆனாலும், 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. ‘உண்மையைச் சொன்னா தண்டனைன்னா, இனி யார் சொல்வாங்க?’ என்று நர்ஸ்கள் போராடினார்கள். அலமாரி காட்டிய எச்சரிக்கைகளை அவர் கடந்துபோனதும் உண்மைதான்.

போன் உத்தரவு வந்தால் செய்ய வேண்டியது இதுதான்: மருந்து, அளவு, கலக்கும் முறை எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லி, “சரியா சார்?” என்று உறுதி செய்வது. நேரத்தோடு நோட்ஸில் எழுதுவது. டாக்டரின் கையெழுத்தைப் பிறகு மறக்காமல் வாங்குவது. சந்தேகம் தீரவில்லை என்றால் மருந்தை நிறுத்திவைத்து, இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்வது. சீனியர் டாக்டரிடம் புது நர்ஸ் இதைச் சொல்ல எவ்வளவு தயங்குவார் என்பது வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில், ஊசியோடு வரும் சிஸ்டர் மூணாவது தடவையா “உங்க பேர் என்ன?”ன்னு கேட்டா, எரிச்சல்படாம பேரைச் சொல்லுங்க. சரியான ஆளுக்குத்தான் மருந்து போகுதான்னு பார்க்கிறாங்க.