பயன்படுத்தாத உரிமை பறிபோகுமா?

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் இருவர் சந்தித்தால், நலம் விசாரித்த மறுகணமே பேச்சு ஊரிலுள்ள நிலத்தின் பக்கம் திரும்பிவிடும். பார்த்துக்கொள்ள ஆளில்லை, பக்கத்து வயற்காரர் வரப்பை அரிந்து ஒரு முழம் உள்ளே வந்துவிட்டார், பன்னிரண்டு ஆண்டு அப்படியே விட்டால் அவருக்கு அனுபவ பாத்தியதை வந்துவிடுமாமே என்று ஒருவர் கவலைப்படுவார். அக்கவலை வீணானதன்று. ஒருவருடைய நிலத்தை மற்றொருவர் தமக்கே உரியதெனக் கொண்டு பலரறிய 12 ஆண்டுகள் அனுபவித்து வர, உரியவர் வாளாவிருப்பாராயின், வழக்குத் தொடுக்கும் உரிமை மட்டுமன்றி நிலத்தின் மீதுள்ள உரிமையே அற்றுப்போகும் என்பது 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். பிறர் நிலத்தின் வழியே நடந்து செல்லும் வழிநடைப் பாத்தியதையும் 20 ஆண்டுகள் இடையறாது நடவாதிருந்தால் மறைந்துவிடும். இது 1882ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்ட விதி.

நிலத்திற்கும் வழிக்கும் உள்ள இவ்விதி, குடிமக்களின் உரிமைகளுக்கும் பொருந்துமா? பல தேர்தல்களில் வாக்களிக்காதவர், தமக்குரிய பாதுகாப்பை ஒருமுறையும் கோராதவர், ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுதியே கொடுத்துவிட்டவர் ஆகியோரின் உரிமை என்னாகும்? பண்டை ஏதென்சு நகரத்துச் சட்டமியற்றிய சோலன், உள்நாட்டுக் கலகத்தில் எப்பக்கமும் சேராது ஒதுங்கி நின்றவன் குடியுரிமையை இழப்பான் என விதித்ததாக, அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் நூல் கூறுகிறது. நம் நாடு அவ்வழியில் செல்லவில்லை. எனினும், சோலனுடைய சட்டம் ஏதுமின்றியே லட்சக்கணக்கான குடிமக்கள் பட்டியலினின்று மறைந்துபோன ஒரு நிகழ்ச்சி நம் குடியரசின் தொடக்கத்திலேயே நேர்ந்தது.

அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு, 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கியது. (வயது வரம்பு 18ஆகக் குறைந்தது 1989ஆம் ஆண்டில்.) அதற்கு முன்பிருந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்தும் கல்வியும் உடையோர்க்கே வாக்கு, அத்தகைய ஆடவரின் மனைவி என்பதும் பெண்ணுக்கு ஒரு தகுதியாக அமைந்திருந்தது. ‘இன்னாருடைய மனைவி’ என்பதாலேயே வாக்கு கிடைத்த காலம் அது. புதிய சாசனம் இந்த இடைத்தரகை ஒரே வீச்சில் நீக்கியது. பெண்ணுக்குப் பெண் என்ற முறையிலேயே, அவளுக்கே உரித்தாக, உரிமை வந்தது. ஆயினும் சாசனம் ஒரு நாளில் செய்ததை வீட்டு வாயிற்படிகள் செய்வதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

முதற் பொதுத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கக் கணக்கெடுப்போர் வீடு வீடாகச் சென்றபோது, வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் அயலாரிடம் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். பல வீடுகளில் அவர்கள் வாயிலுக்கே வருவதில்லை. ஆடவரே விடை கூறினர். ‘ராம் என்பவரின் தாய்’, ‘மோகன் என்பவரின் மனைவி’ என்ற முறையிலேயே பதிவுகள் நிகழ்ந்தன. நம் பக்கத்துப் பாட்டிமார் கணவன் பெயரைச் சொல்லக் கூசுவார்கள். கேட்டால் முருகன் கோயில் பக்கம் கையைக் காட்டி ஊகிக்கச் செய்வார்கள். ஆனால் தம் பெயரைச் சொல்ல அவர்கள் தயங்கியதில்லை. அங்கே வழக்கம் வேறாக இருந்தது.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென் ஐ.சி.எஸ். அதிகாரி, கணிதம் பயின்றவர். உறவுமுறையால் மட்டும் குறிக்கப்பட்ட ஒருவர் வாக்குச்சாவடிக்கு வந்தால், அவர்தாம் அவர் என்று எவ்வாறு அறிவது? ஒரே தெருவில் மோகனின் மனைவியர் எத்தனை பேர்? பெயரின்றிப் பதிவில்லை என்று அவர் உறுதியாக நின்றார். பீகாருக்கு ஒரு மாதக் கூடுதல் அவகாசம் வழங்கப்பட்டது. அதற்குள் பலர் பெயர் கொடுத்தனர். ஆயினும் நாடு முழுவதிலும் இருந்த ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களுள் 28 லட்சம் பேரின் பதிவுகள் இறுதியில் நீக்கப்பட்டன. பெரும்பாலும் அவர்கள் பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தானம், விந்தியப் பிரதேசம் ஆகிய மாநிலத்தவர். 1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை நடந்த அந்த மாபெரும் தேர்தலில் அவர்கள் வாக்களிக்க இயலவில்லை.

இதனை ‘உரிமையைப் பயன்படுத்த மறுத்ததால் இழந்தார்கள்’ என்று கூறலாமா? கூறியவர் அன்று பலர். எனக்கு அது சரியெனப் படவில்லை. மறுத்தவர் யார் என்ற கேள்வி முதலில் எழுகிறது. கதவருகே நின்று விடையளித்த கணவனா, மாமனாரா, உள்ளே இருந்த அப்பெண்ணா? அவளிடம் ஒருவரும் கேட்கவில்லையெனில், அவள் எதையும் தெரிந்தெடுத்தாள் என்று சொல்வது சொற்பிழை. சுகுமார் சென் செய்தது தவறென்றும் நான் கூறமாட்டேன். ‘இன்னாரின் மனைவி’ என்ற பதிவை அவர் ஏற்றிருந்தால், சாசனம் அகற்றிய இடைத்தரகன் பட்டியலின் வழியே மீண்டும் உள்ளே புகுந்திருப்பான். கண்டிப்பு கசப்பாக இருந்தது. அதன் பயன் ஐந்தாண்டுகளில் தெரிந்தது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வயது வந்த பெண்களில் ஏறத்தாழ 94 சதவீதத்தினர் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர்.

நாம் கவனிக்கத்தக்கது இதுவே: 1951ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது பதிவு, உரிமையன்று. 326ஆம் பிரிவு அப்பெண்களைக் கைவிடவில்லை. அடுத்த முறை வந்து பெயர் சொன்னபோது, ‘முன்பு ஏன் சொல்லவில்லை?’ என்று எவரும் கேட்கவுமில்லை. நிலமாக இருந்திருந்தால் அவ்வாறு திரும்பக் கிடைத்திராது.

பட்டியலின் கதை இது. நீதிமன்றத்தின் கதை இதனினும் ஆழமானது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு ஆங்கிலச் சட்டச் சொற்களுள் தொல்லை தந்தவற்றில் ஒன்று ‘வெய்வர்’ என்பது. ‘விட்டுக்கொடுத்தல்’ என்றால் அண்ணன் தம்பிக்குப் பங்கில் விட்டுக்கொடுப்பது போலப் பெருந்தன்மை ஒலிக்கிறது. ‘துறத்தல்’ என்றால் காவி உடை கண்முன் வருகிறது. ‘கைவிடுதல்’ என்பதில் ஓர் ஏக்கம் இருக்கிறது. அறிந்தே, தன் விருப்பால், தனக்குள்ள உரிமையை வேண்டாமெனல் என்று நீட்டி எழுதினால்தான் பொருள் முழுமையாகிறது. அச்சொல்லின் மீதே 1958ஆம் ஆண்டில் ஒரு பெரும் வழக்கு நடந்தது.

வரி ஏய்ப்பை ஆராய 1947ஆம் ஆண்டில் ஒரு விசாரணைக் குழு ஏற்படுத்தப்பட்டிருந்தது. பசேசர் நாத் வழக்கு எனப் பெயர்பெற்ற வழக்கின் மனுதாரர், அக்குழுவின் முன் சமரசத்திற்கு இசைந்து, வரியும் அபராதமும் தவணைகளில் செலுத்துவதாக 1954ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டிருந்தார், செலுத்தியும் வந்தார். மறு ஆண்டில், சென்னையிலிருந்து சென்ற மற்றொரு வழக்கில், அக்குழுவிற்கு ஆட்களை அனுப்பும் சட்டப்பிரிவு 14ஆம் பிரிவு கூறும் சமத்துவத்திற்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘அவ்வாறாயின் நான் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?’ என்று மனுதாரர் கேட்டார். ‘தாமே இசைந்து கையொப்பமிட்டுத் தம் உரிமையை விட்டுவிட்டவர் இப்போது கோருவது எப்படி?’ என்பது அரசின் வாதம்.

தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் உள்ளிட்ட ஐவர் அமர்வில் பெரும்பான்மையோர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சமத்துவம் என்பது தனி மனிதனுக்கு அரசு கொடுத்த பரிசன்று. அரசுக்கே இடப்பட்ட கட்டளை. கட்டளையிட்டது சாசனம், அதைத் தளர்த்தும் அதிகாரம் அக்கட்டளையால் நன்மை பெறும் தனி ஒருவனுக்கு இல்லை. நீதிபதி எஸ்.கே. தாஸ் மட்டும், தனி மனிதன் நன்மைக்கென்றே அமைந்த உரிமையை அவன் விட்டுவிடலாகும் என்று மாறுபட்டார். அவர் கூற்றிலும் நியாயமில்லாமலில்லை. தன் பொருளைத் தான் விட்டுக்கொடுக்க வயது வந்த மனிதனுக்கு உரிமை வேண்டாமா என்று தோன்றத்தான் செய்கிறது. ஆனால் கையொப்பமிடச் செய்பவன் அரசாகவும், இடுபவன் அஞ்சி நிற்பவனாகவும் இருக்கும் நாட்டில், பெரும்பான்மைத் தீர்ப்பே காப்பாகும். இதற்குச் சான்றாக அடுத்த வழக்கு வந்தது. அதில் நம்மவர் கலந்திருந்தனர்.

1961ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து வறட்சியால் வேலையிழந்த நிலமற்ற தொழிலாளி ஒருவர் பம்பாய்க்குப் போனார். தகிசர்ப் பகுதியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 23 ரூபாய்க் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் கொண்டு மறைத்த ஒரு குடிசைக்காக அடாவடிக்காரன் ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுத்து, மனைவி, மூன்று பெண்மக்களுடன் வாழ்ந்தார். 1981 ஜூலையில் மாநில அரசு நடைபாதைவாசிகளை அகற்றிச் சொந்த ஊருக்கு அனுப்ப முடிவு செய்தது. கொட்டும் மழைக்காலத்தில் அக்குடிசை இடிக்கப்பட்டது. குடும்பம் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றப்பட்டது. மனைவியும் மக்களும் ஊரில் தங்க, அவர் மட்டும் வேலை தேடி மீண்டும் பம்பாய் நடைபாதைக்கே வந்தார். பத்திரிகையாளர் ஆல்கா டெல்லிசின் பெயரால் அறியப்படும் வழக்கின் மனுதாரர்களுள் அவரும் ஒருவர். காமராஜ் நகர் என்ற பெயருடைய குடியிருப்பைச் சேர்ந்தோரும் உடன் வழக்காடினர். அப்பெயரே அங்கு வாழ்ந்தோர் யாரென்று ஊகிக்கப் போதும்.

அரசுத் தரப்பு ஒரு தடையை எழுப்பியது. உயர் நீதிமன்றத்தில் குடிசைவாசிகளின் சார்பில், ‘நடைபாதையில் குடிசை போட எமக்கு அடிப்படை உரிமை இல்லை, அக்டோபர் 15க்குப் பின் இடிப்பதைத் தடுக்கமாட்டோம்’ என்று முன்பே ஒப்புக்கொண்டாகிவிட்டது, ஒப்புக்கொண்டபின் பேச்சென்ன என்றது. 1985 ஜூலை 10ஆம் நாள் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அரசியலமைப்பு அமர்வு அத்தடையை ஒதுக்கியது. சாசனத்திற்கு எதிராக எவருடைய ஒப்புதலும் செல்லாது. அறியாமையாலோ வேறெதனாலோ ஒருவர் விட்டுக்கொடுத்த சொல், அவருடைய அடிப்படை உரிமையை அழிக்காது. பிழைப்புக்கான வழி உயிர் வாழும் உரிமையின் பகுதி என்ற புகழ்பெற்ற கூற்றும் அத்தீர்ப்பிலேதான் உள்ளது.

ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடியும்வரை பொறுத்து, அதன்பின் நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றே அத்தீர்ப்பு முடிந்தது. வழக்குக் கேட்கும் உரிமை காப்பாற்றப்பட்டது. குடிசைக்கு அந்தக் காப்பு இல்லை.

மீண்டும் வாக்குரிமைக்கு வருவோம். வாக்களிக்காமை இந்தியாவில் எவரையும் பட்டியலினின்று நீக்கக் காரணமாகாது. இறப்பு, வழக்கமான குடியிருப்பு மாறுதல், தகுதியின்மை ஆகியவையே காரணங்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நிலை வேறு. அங்கே இரண்டு ஆண்டுகள் வாக்களிக்காதவருக்கு ஓர் அஞ்சலட்டை வரும். அதற்கு விடை தராமல் மேலும் நான்கு ஆண்டுகள் வாக்களிக்காவிடில் பெயர் நீங்கும். 2018ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதனை ஏற்றது. நம் நாட்டிலோ, வாக்களிக்காதவரைத் தண்டிக்க முனைந்த குஜராத் உள்ளாட்சிச் சட்டத்தைக்கூட 2015ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

நம் போன்றோர்க்கு இடர் வருவது ‘வழக்கமான குடியிருப்பு’ என்ற சொற்றொடரில்தான். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஊரில் வீடு இருப்பது மட்டும் போதாது. தற்காலிகமாக வெளியூர் சென்றதால் மட்டும் தகுதி போய்விடாது. எத்தனை ஆண்டுகள் தற்காலிகம் என்பதைச் சட்டம் கூறவில்லை. இரண்டு ஊர்களில் பதிவு வைத்திருக்கவும் கூடாது. படைவீரர் அஞ்சலில் வாக்களிக்கலாம். திருப்பூரில் உழைக்கும் பீகாரியோ, தாராவியில் வாழும் திருநெல்வேலிக்காரரோ அவ்வாறு செய்ய வழியில்லை. தொலைவிலிருந்தே வாக்களிக்க உதவும் பொறி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் அரசியல் கட்சிகளின் முன் வைத்தது, உடன்பாடு ஏற்படவில்லை. 2025ஆம் ஆண்டில் பீகாரில் நடந்த சிறப்புத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், குடிபெயர்ந்தோர், இரட்டைப் பதிவினர் என்பது கூறப்பட்ட விளக்கம். விடுபட்ட ஒவ்வொரு பெயரையும் காரணத்துடன் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பணித்தது.

என் கதையும் இதில் சேர்ந்ததுதான். தில்லிக்கு வந்த பின்னும் தஞ்சை மாவட்டத்து எங்கள் ஊர்ப் பட்டியலில் என் பெயர் இருந்தது. இருக்கிறது என்ற துணிவில் இரு தேர்தல்களுக்குப் போகவில்லை. மூன்றாவதற்கு விடுப்பெடுத்துச் சென்றேன். பெயரில்லை. சாவடியிலிருந்த இளைஞர், “நீங்கதான் இங்க குடியில்லையே, சார்” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. தில்லியிலோ நான் விண்ணப்பித்திருக்கவேயில்லை. சாசனத்தில் முழு உரிமையும், இரு ஊர்களிலும் வெறுங்கையுமாகத் திரும்பினேன்.

பின்னர் நானும் என் மனைவியும் இங்கேயே விண்ணப்பித்தோம். என் பெயர் சரியாக வந்தது. அவள் பெயரிலுள்ள ழகரத்தை எழுத்தர் இந்தியில் லகரமாக்கிவிட்டார். “போகட்டுமே, வாக்களிக்க அது போதும்” என்றேன். அவள் ஒப்பவில்லை, திருத்தத்திற்கான படிவத்தைத் தானே நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.