ஒழுக்கடைத்த காரை: காஞ்சியின் செங்கல்லும் சுண்ணாம்பும்

செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் கோயில் ஒன்றைத் தோற்றுவித்ததை முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு பெருமையாகக் கூறுவதிலிருந்தே, அதுவரை அவற்றால் கட்டுவதுதான் பெருவழக்காக இருந்தது என்பது விளங்கும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் கைலாசநாதர் கோயிலை மணற்கல்லால் எடுப்பித்த பின்னரும் செங்கல் காஞ்சியை விட்டு அகலவில்லை. 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரத்திலும், கல்ஹாரம் எனப்படும் கருங்கல் அடிப்பகுதிக்கு மேலுள்ள நிலைகள் செங்கல்லாலும் சுதையாலும் ஆனவையே. ஏறத்தாழ 190 அடி உயரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையை நேரே தாங்கும் இத்தகைய கட்டுமானத்தில், நீர் பெரும்பாலும் ஒரு நிலையின் தளம் அடுத்த நிலையின் சுவரோடு கூடும் மூலையில்தான் வழி தேடுகிறது. குளிர்நாடுகளில் புகைக்கூண்டு கூரையைத் துளைத்து எழும் இடத்தில் ஈயத்தகடு பதிப்பதும் இத்தகைய மூட்டில் நீர் புகாமல் தடுக்கவே. இங்கு அவ்வேலையைச் சுண்ணாம்புக் காரை செய்தது.

நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு சேர்த்து, காளைகள் சுற்றி இழுக்கும் கல்லுருளையால் வட்டக் குழியில் மைய அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் கலந்து பதப்படுத்தினர். மட்டப்பா எனப்படும் தட்டையான மேல்தளத்தில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் பரப்பி, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்தனர். சுவரோரத்தில் மட்டும் காரையைச் சரிவாக ஏற்றி, நீர் தேங்காதவாறு தேய்த்து மழுப்பினர்.

எனினும், பறவைகள் எச்சத்தோடு இடும் அரச விதைக்கும் ஆல விதைக்கும் ஒரு மயிரிழை வெடிப்பே போதும். மேலே தெரியும் செடியை வெட்டினால் மறுபடியும் துளிர்க்குமாதலால், செங்கற்களைப் பிரித்து வேரை முழுதும் எடுத்து மீண்டும் கட்ட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்தும் மரபு இப்பணிக்கு ஒரு கெடுவை வகுத்தது; மூர்த்தியின் ஆற்றலைத் தற்காலிக உருவுக்கு மாற்றும் பாலாலயம் முடிந்ததும் திருப்பணியாளர் சாரம் ஏறினர். பிற்காலத்தில் சுண்ணாம்பின் மீது பூசப்பட்ட சிமெண்ட், சுவரின் ஈரத்தை உள்ளே அடைத்து, விளிம்பில் வெடித்து, அடைக்க வந்த ஒழுக்கையே பெருக்கியது எனல் மிகையன்று.

காஞ்சியின் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளுக்குப் பன்னிரண்டாண்டுக் கெடு பொருந்தாது. கூரையிலிருந்து விழும் ஒரு சொட்டும் பாவில் கறையாகிவிடுமாதலால், நாட்டோட்டு வீடுகளில் மழைக்கு முன்பே உடைந்த ஓடுகளை மாற்றியாக வேண்டியிருந்தது. ஆனால், கால்மிதிகள் இயங்கும் தறிக்குழியில் நிலத்தடியிலிருந்து ஊறும் நீரைத் தடுக்க எந்த ஓடும் உதவாது. அந்நீர் வற்றும்வரை தறி நிற்கும்.