ஊதுவதும் காற்றடிப்பதும்



பலூனை ஊதுகிறோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறோம். யாரும் சைக்கிள் டியூபை ஊதினேன் என்று சொல்வதில்லை. ஆங்கிலப் பேச்சிலும் இப்படி இரண்டு சொற்கள் உண்டு: 'புளோ அப்', 'பம்ப் அப்'. முதல் சொல் எப்படிக் காற்றை நிரப்பினாலும் பொருந்தும். இரண்டாவது, பம்பு இருந்தால்தான். இரண்டிலும் 'அப்' என்பதற்கு 'மேலே' என்று பொருள் கொள்ளாதீர்கள். 'நன்றாக நிறையும்வரை' என்று கொள்ளுங்கள்.

வாயிலிருந்து பம்புக்கு வந்த கதை ஒன்று சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ரக்பி என்றொரு ஊர். ரக்பி ஆட்டத்துக்குப் பெயர் தந்த பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கு எதிரே ரிச்சர்ட் லிண்டன் என்பவர் செருப்புக்கடை வைத்திருந்தார். மாணவர்களுக்குப் பந்தும் செய்து கொடுத்தார். தோலுறைக்குள் பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்து, களிமண் புகைக்குழாயின் தண்டைச் செருகி வாயால் ஊத வேண்டும். பை பச்சையாக இருக்கும்போதே ஊதியாக வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் அவருடைய மனைவி, பல பிள்ளைகளைப் பெற்ற தாய். நோய்ப்பட்ட பன்றியின் பையை ஊதி ஊதியே நுரையீரல் கெட்டு அவர் இறந்துபோனதாகச் சொல்கிறார்கள்.

அதற்குள் ரப்பரைப் பதப்படுத்தும் முறை வந்துவிட்டது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844இல் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1862 வாக்கில் லிண்டன் பன்றிப் பைக்குப் பதிலாக ரப்பர்ப் பை செய்தார். ஆனால் அதை வாயால் ஊத முடியவில்லை, அவ்வளவு விறைப்பு. காது கழுவும் பீச்சாங்குழலைப் பார்த்து, பித்தளையில் ஒரு கைப்பம்பு செய்தார். பந்துக்கோ பைக்கோ பம்புக்கோ அவர் காப்புரிமை வாங்கவில்லை.

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்த கால்நடை மருத்துவர் டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு சைக்கிள் போன இடமெல்லாம் பம்பும் போனது. நம் ஊருக்கும் வந்தது. நாமும் 'ஊது' என்பதை விட்டு 'காற்றடி' என்றோம். மூச்சு செய்த வேலையைக் கை ஏற்றதும் சொல்லும் மாறிவிட்டது.

டன்லப் பெயர் டயரில் இருக்கிறது. குட்இயர் பெயரும் இருக்கிறது. பந்தை ஊதிய அந்த அம்மாவின் பெயர் எந்தப் பந்திலும் இல்லை. பேரப்பிள்ளைகளின் பந்துக்குக் காற்றடிக்கும்போது இந்தக் கதையை அவர்களுக்கும் சொல்லுங்கள்.