திரிகைக்கு வேலை இல்லாமற்போன கதை

வெள்ளவத்தையிலோ இரத்மலானையிலோ ஒரு தமிழ் வீட்டில் மிளகாய்த்தூள் முடிந்துவிட்டால், செத்தல் மிளகாயையும் மல்லியையும் வறுத்துப் பையில் கட்டி, "மில்லில குடுத்துத் திரிச்சுக்கொண்டு வா" என்று சொல்வது இன்றும் கேட்கும் பேச்சு. அந்த மில்லில் ஓடுவது மின்மோட்டார். கல் திரிகை அங்கே இல்லை, சொன்னவரின் வீட்டிலும் இல்லை. வினைச்சொல் மட்டும் திரிகையுடையது. நம் அடுக்களை இந்த வேலைகளை ஒரே வேலையாகப் பார்த்ததே இல்லை. உரலில் இடித்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுக்கல்லில் ஆட்டினார்கள், திரிகையில் திரித்தார்கள். நான்கு கருவி, நான்கு வினை. இவற்றில் அம்மியையும் உரலையும் பற்றி ஏக்கத்தோடு எழுதுவோர் பலர். திரிகையைப் பற்றிப் பேச்சே குறைவு. அது ஏன் போனது என்று கேட்டால், மின்சாரம் வந்தது, மில் வந்தது, போய்விட்டது என்று சுருக்கமாகப் பதில் வரும். அந்தப் பதில் போதாது என்பதே என் வாதம். மோட்டார் வந்து திரிகையைத் தோற்கடிக்கவில்லை. அதற்கு முன்பே திரிகை திரித்துவந்த தானியம் நம் சாப்பாட்டிலிருந்து விலகிவிட்டது. அந்த இடத்துக்கு வந்த தானியம் வேலை முடிந்தே வந்தது.

இந்தத் தீவில் திரிகையைப் பற்றிய தெளிவான எழுத்துச் சாட்சி ஒன்று றொபேட் நொக்ஸ் தந்தது. 1660 இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679 இல் தப்பிப்போன அந்த ஆங்கில மாலுமி 1681 இல் வெளியிட்ட நூலில் குரக்கனைப் பற்றிச் சொல்லும்போது, அதைத் திரிக்க இரண்டு வட்டக் கற்களை ஒரு தடியின் துணையோடு கையால் சுழற்றுவார்கள் என்று எழுதியிருக்கிறார். இரண்டே வட்டக் கல்லும் ஒரு தடியும். மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் கருவியின் இலக்கணம் அதுதான். கீழ்க்கல் அசையாது, அதன் நடுவில் ஒரு முளை. மேற்கல் அந்த முளையில் உட்கார்ந்து சுழலும். நடுத்துளையில் ஒரு பிடி தானியத்தைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், கற்களுக்கு இடையில் நசிந்து விளிம்பால் மாவாக உதிரும். கல் வழவழத்துப்போனால் உளியால் பொளிந்து மறுபடி சுரசுரப்பாக்க வேண்டும். நொக்ஸ் இந்தக் கல்லைக் குரக்கனோடு சேர்த்தே சொன்னதைக் கவனிக்க வேண்டும். திரிகை உலர்ந்த, உருண்டையான சிறுமணிக்கும் பருப்பு வகைக்கும் ஆனது. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் வேண்டிய அரிசி மா வேறு வழியில் வந்தது. அரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரத்தோடு உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, பிறகு வறுப்பார்கள். அந்த ஈர அரிசியைத் திரிகையில் போட்டால் கல் அப்பிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே முன்னோர் எல்லா மாவையும் கல்லில் திரித்துத்தான் சாப்பிட்டார்கள் என்று இன்று சொல்லப்படுவது பாதி உண்மையே. திரிகைக்கு வந்தவை குரக்கன், பயறு, உழுந்து போன்றவை.

இனி அந்தத் தானியங்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்கலாம். இலங்கை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த காலத்தில், அதில் பர்மாவின் பங்கு மிகப் பெரியது. 1942 இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. பங்கீட்டில் அரிசி குறைய, குரக்கன் நிரப்பியிருக்கக்கூடிய அந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. போர் முடிந்தும் அது திரும்பிப் போகவில்லை. 1953 இல் கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது நாடே ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தாலில் நின்றது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி அத்தனை பெரிய அரசியலான நாட்டில், கோதுமை மா அதன் பக்கத்திலேயே சத்தமில்லாமல் ஊன்றிக்கொண்டது. அமெரிக்கன் மா என்று நம்மவர்கள் அதற்கு வைத்த பெயரிலேயே அது கப்பலில் வந்த கதை இருக்கிறது. இந்தத் தீவு கோதுமை விளையும் மண் அல்ல. ஆகவே கோதுமை வீட்டு முற்றத்துக்கு ஒருபோதும் மணியாக வரவில்லை, மாவாகவே வந்தது. 1980 இல் திருகோணமலையில் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கிய பின் மணி கப்பலில் வந்து அங்கே மாவானது. வீட்டைப் பொறுத்தவரை மாற்றமே இல்லை. பருப்பின் கதையும் இதேதான். புறக்கோட்டை மொத்தக் கடைகளிலிருந்து கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் போன மைசூர்ப் பருப்பு தோல் நீங்கி, உடைபட்டே வந்தது. திரிகைக்கு இருந்த இரண்டு வேலைகளில் ஒன்று மாவாக்குவது, மற்றது உடைப்பது. இரண்டும் கடலுக்கு அப்பாலோ ஆலையிலோ முடிந்து வந்தன.

இதற்கு வலுவான சாட்சி அடுக்களையில் எஞ்சி நிற்கும் பொருள்தான். கோதுமை மாவை அப்படியே பிட்டுக்குக் குழைத்தால் களியாகிவிடும். அதனால் நம் பெண்கள் மாவைத் துணியில் பொட்டலமாகக் கட்டி நீராவியில் அவித்தார்கள். அவிந்த மா கல்போல இறுகி வரும். சூடு ஆறுவதற்குள் அதைச் சுளகில் கொட்டி, தம்ளரின் விளிம்பால் கொத்தி உடைத்து, கட்டிகளை நசித்து, அரிதட்டில் அரித்து எடுக்க வேண்டும். ஆறவிட்டால் கட்டி உடையாது. அரிசி மாவுக்கு இருந்த அரிதட்டும் சுளகும் கோதுமை மாவுக்கும் வேலை செய்தன, அதனால் நிலைத்தன. திரிகைக்கு அந்த வரிசையில் இடமே வரவில்லை. இன்றைக்கும் இரத்மலானையில் ஒரு சிறு வாடகை வீட்டில்கூட அரிதட்டு இருக்கும்.

மின்மில்தான் காரணம் என்போருக்கு என் பதில் இதிலிருந்தே வருகிறது. தெருவோர மில்லுக்கு வீடுகள் கொண்டுபோவது பெரும்பாலும் அரிசியும் மிளகாயும் மல்லியும். அரிசி மா உலக்கையின் வேலை, தூளும் கூட்டும் அம்மியின் வேலை, உரலின் வேலை. மில் போட்டியிட்டது அவற்றோடுதான். அம்மியும் ஆட்டுக்கல்லும் வீட்டுக்குள் தோற்றதோ இன்னும் பிந்தி, 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டு மின் அரைப்பான்கள் கடைகளுக்குத் தாராளமாக வந்த பிறகு. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பெண்களின் முதுகும் தோளும் இந்தக் கல்லுக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை மறந்துவிட்டுக் கல்லுக்காக அழக்கூடாது என்பார்கள். அதை முழு மனதோடு ஏற்கிறேன். கொழும்பில் வசதியான வீடுகளின் அடுக்களை வேலை பெரும்பாலும் கூலிக்கு வந்தவர்களின் மேல்தான் விழுந்தது. மலையகத் தோட்டங்களிலிருந்து படிக்கும் வயதில் கொண்டுவரப்பட்ட பெண்பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அந்தக் கைகளை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. ஆனால் காரணம் என்று கேட்டால் அது பொருந்தவில்லை. உழைப்பின் கொடுமைதான் கருவியை வெளியேற்றியது என்றால் முதலில் போயிருக்க வேண்டியது உலக்கை, ஏனெனில் நான்கிலும் உடம்பை அதிகம் முறிப்பது அதுதான். அரிசி மா வேண்டியிருந்த வரை உலக்கை நின்றது. கோதுமை மா வந்தபோதும் பெண்ணுக்கு ஓய்வு வரவில்லை, அவிப்பதும் உடைப்பதும் அரிப்பதும் புதிதாகச் சேர்ந்தன.

இடப்பெயர்வைக் காரணம் காட்டுவோரும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. மாவரைக்கத் தக்க கருங்கல் அங்கே வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அப்படி வந்த கல்லை உத்தியோகத்துக்காகக் கொழும்புக்கு ரயில் ஏறியவர் தூக்கிவரவில்லை. வந்த இடத்தில் வாங்கியவராலும் அதை ஓட்டத்தில் எடுத்துப்போக முடியாது. 1983 ஜூலையில் கொழும்பிலிருந்து விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கானோர் இரத்மலானை விமான நிலையத்து முகாமில் தங்கி, அங்கிருந்து வடக்கே அனுப்பப்பட்டார்கள். உடுத்த உடையோடு நின்றவர்களுக்குக் கல் எங்கே? இந்த வாதத்தின் துயரம் உண்மை, அதை மறுக்க மனம் வராது. ஆனால் ஊர் திரும்பியவர்களும், கொழும்பிலேயே மறுபடி வீடு எடுத்தவர்களும் அம்மியையோ அரைப்பானையோ மீண்டும் தேடிக்கொண்டார்கள். சம்பல் இல்லாமல் முடியாது, உழுந்து ஆட்டாமல் தோசை இல்லை. திரிகையைத் தேடும் தேவை எழவில்லை. தைப்பொங்கலுக்குப் பயறு உடைக்க வருடத்தில் ஒருநாள் வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒருநாளுக்காக ஒரு பாரக்கல்லை வாடகை அறையில் வைத்திருக்க யாராலும் முடியாது.

வேறு நாடுகளோடு ஒப்பிட்டால் நம் கதையின் தனித்தன்மை தெரிகிறது. இங்கிலாந்தின் சென்ற் ஓல்பன்ஸ் மடத்தலைவர் றிச்சட், 14 ஆம் நூற்றாண்டில், மக்கள் மடத்து ஆலையிலேயே அரைக்க வேண்டும் என்று அவர்களின் கைத்திரிகைகளைப் பறித்து, தன் கூடத்துத் தரையில் பதித்தார். 1381 கிளர்ச்சியில் மக்கள் அந்தத் தரையைப் பெயர்த்தெடுத்தார்கள். அங்கே கல்லுக்குப் போட வீட்டில் தானியம் இருந்தது, அதனால் கல்லுக்காகப் போராட்டமும் இருந்தது. ஜொகன்னஸ்பேர்க்கில் காந்தி ஆலை மாவை விட்டுவிட்டு 7 பவுண் கொடுத்து இரும்புக் கைத்திரிகை வாங்கி, தனியொருவரால் சுழற்ற முடியாத அதை நண்பர் போலக்கோடும் பிள்ளைகளோடும் சேர்ந்து சுற்றியதாகத் தம் சுயசரிதையில் எழுதுகிறார். அங்கேயும் கோதுமை மணியாகக் கைக்குக் கிடைத்தது. கொழும்பில் யாரும் யாருடைய கல்லையும் பறிக்கவில்லை. கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் அதைத் தேவையற்றதாக்கின.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் இது பழங்கதை அல்ல என்று தெரிந்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது, எரிவாயு இல்லை, கோதுமை மாவின் விலையும் பாணின் விலையும் திரும்பத் திரும்ப ஏறின. மேசை விளிம்பில் திருகிப் பூட்டும் இரும்புக் கைத்திரிகையை வாங்கி வைத்தால் என்ன என்று அப்போது யோசித்தவர்களுக்கு, முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்தத் தானியத்துக்கு என்பதே. கோதுமை மணி கடையில் எளிதில் கிடைக்காது. ஊறவைத்த அரிசி தட்டுகளில் அப்பும், எண்ணெய் கசியும் எள்ளும் அப்படியே. குரக்கனுக்கு அது உதவும். ஆனால் அந்தச் சிறுமணி முதல் சுற்றில் தட்டுகளுக்கு இடையால் முழுதாகவே நழுவும். மண் போகக் கழுவி நன்றாகக் காயவைத்து, திருகாணியை இறுக்கி ஒருமுறை திரித்து, அரித்து, மேலே நின்ற குருணையை இன்னும் இறுக்கி மறுபடி திரிக்க வேண்டும். இரும்பு மிக விறுவிறுப்பாகச் சுற்றினால் சூடேறி மாவின் வாசம் மாறும், நிதானமாகச் சுற்ற வேண்டும். பயறுக்கு நேர்மாறு. வறுத்துச் சூடு ஆறிய பயறைத் தட்டுகளைத் தளர்த்திவிட்டு ஒரே சுற்றில் விட்டால் மணி இரண்டாகப் பிளந்து தோல் கழன்று விழும். சுளகில் புடைத்தால் தோல் முன்னால் பறக்க, மஞ்சள் பருப்பு சுளகின் உள்மூலையில் ஒதுங்கும்.